முட்டமா, ரப்பர் தோட்டமா, வீட்டு அறையா: ஒரு குறும்படத்துக்கு மூன்று தொடக்கங்கள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஐந்து பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். அதன் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மூன்று விதமாக எடுத்தோம். இதைத் திட்டம் போட்டுச் செய்த ஆராய்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதலாவது சொதப்பியது, அதனால் இரண்டாவது. அதிலும் மனசு நிறையவில்லை, அதனால் மூன்றாவது. இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் படிக்கிற தம்பிகளும் தங்கைகளும் "அண்ணா, எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்கும்போது, அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் நேர்மையான பதில் என்று தோன்றுகிறது.

கதை இதுதான். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறான், இரவு திருவனந்தபுரத்திலிருந்து விமானம். அவன் போவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை, ஆனால் வாய் திறந்து சொல்கிற ஆள் அவர் இல்லை. இவ்வளவையும் பார்ப்பவருக்கு இரண்டு நிமிடத்துக்குள், கூடியமட்டும் பேச்சில்லாமல் புரியவைக்க வேண்டும். நடுவில் ஒன்பது பேருடைய பெயர்களும் படத்தின் தலைப்பும் வர வேண்டும்.

முட்டம்

குமரி மாவட்டத்தில் கேமராவைக் கையில் எடுத்த எவனுக்கும் முதலில் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கும் வந்தது. விடியற்கால முட்டம், பாறையில் மோதுகிற அலை, கலங்கரை விளக்கம், கரைக்குத் திரும்பும் படகுகள், இதன்மேல் வரிசையாகப் பெயர்கள். காகிதத்தில் அற்புதமாக இருந்தது. ரப்பர் வெட்டுகிறவர் கதைக்குக் கடல் எதற்கு என்று எங்கள் ஐவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போனது ஜூலை கடைசியில். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. நாங்கள் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த, வரிசையாகக் கரை திரும்பும் படகுகள் கிடையவே கிடையாது. இதே மாவட்டத்தில் சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலண்டர். கடற்கரை ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த சிக்கல் சூரியன். அந்த மாதத்தில் முட்டத்தில் சூரியன் கடலில் இறங்கும், கடலிலிருந்து எழும்பாது. விடியல் வேண்டுமே என்று யோசித்தபோது குழுவில் ஒருவனுக்கு ஞானோதயம் வந்தது: அஸ்தமனத்தை எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் உதயம்தானே? மூன்று சாயங்காலம் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மேகத்துக்கு நடுவே பத்து நிமிடம் சூரியன் தெரிந்தது, எடுத்தோம். எடிட்டிங்கில் திருப்பிப் போட்டுப் பார்த்தால் சூரியன் அழகாகத்தான் மேலே வந்தது. அலையெல்லாம் பாறையை விட்டுக் கடலுக்குள் ஓடியது. ஒரு காக்கா வாலை முன்னால் விட்டுப் பறந்தது. அந்தத் துண்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மனசு சரியில்லாத நாட்களுக்கு.

ஆனால் முட்டம் கைவிட்டுப்போனதற்கு உண்மையான காரணம் ஒலி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதம். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே உறைத்திருக்க வேண்டும். மைக்கில் பதிவானது கடல் இல்லை, காற்று மைக்கில் மோதுகிற 'பட பட' சத்தம். மைக்குக்கு ஒரு பழைய பொம்மைக் கரடியின் தோலைக் கிழித்து உறை போட்டோம். கொஞ்சம் குறைந்தது. கடைசியில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதிவு செய்த இரண்டு நிமிடம்தான் காதுக்கு அலை மாதிரிக் கேட்டது. படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியாகப் போக வேண்டும் என்ற புத்தி அன்றைக்கு வந்ததுதான்.

இன்னும் ஒன்று, பெயர் எழுத்துகள். வெளுத்த வானத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டால் தெரியவில்லை, கறுப்பு போட்டால் இரங்கல் போஸ்டர் மாதிரி இருந்தது. ட்ரோன் வைத்து எடுக்கலாமே என்பவர்களுக்கு: 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு விதிகள் எளிது என்றாலும், பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். அந்தக் காற்றில் அவ்வளவு சின்ன ட்ரோன் நிலையாக நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

முடித்த துண்டை என் மாமாவுக்குப் போட்டுக் காட்டி, "கதை என்னவா இருக்கும் மாமா?" என்று கேட்டேன். முழுவதும் பார்த்துவிட்டு, "டூரிசம் விளம்பரமா மக்கா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எண்பதுகளிலிருந்தே தமிழ் சினிமா அந்தப் பாறைகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்கு முட்டம் என்பது நம் கதையின் இடம் இல்லை, 'சினிமாவில் வரும் இடம்'.

இதே கணக்கு மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் பொருந்தும். 115 அடி உயரம், கீழே பறளியாறு, எந்தக் கோணத்தில் வைத்தாலும் படம் அழகு. ஆனால் அந்தப் பாலத்தில் உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேலை? பத்மநாபபுரம் அரண்மனை என்றால் இன்னும் ஒரு படி சிக்கல் கூடும். நம் மாவட்டத்தில் நின்றாலும் அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதியும் அங்கேதான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. மாணவர் படத்தின் இரண்டு நிமிடத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து.

ரப்பர் தோட்டம்

இரண்டாவது தொடக்கம் கதைக்கு உள்ளேயே இருந்தது. குழுவில் ஒருவனின் தாய்மாமா பால்வெட்டுத் தொழிலாளி, திற்பரப்புக்குப் பக்கத்தில் தோட்டம். அவரையே அப்பா வேடத்துக்குக் கேட்டோம். "நான் நடிக்க மாட்டேன், வேலை செய்வேன், நீங்க எடுத்துக்கிடுங்க" என்றார். அதைவிட நல்ல ஒப்பந்தம் எந்த இயக்குநருக்கும் கிடைக்காது.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடி, பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, மரத்துக்கு மரம் நடை. பட்டையில் ஒரு மெல்லிய சீவல் விழும், அந்தக் கோட்டில் வெள்ளை துளிர்க்கும், சரிந்து இறங்கிச் சிரட்டையில் சொட்டும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். கேமராவுக்காகவே படைத்த வேலை மாதிரி இருக்கும்.

எங்களுக்குப் பெரிய பாடம் கற்றுத்தந்ததும் இந்தத் தோட்டம்தான். வெட்டுக்கு 'ஒன்ஸ் மோர்' கிடையாது. ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு ஒரு சீவல்தான். போகஸ் போய்விட்டது, திரும்ப வெட்டுங்கள் என்றால் மரத்தின் பட்டை வீணாகும், அது முதலாளியின் பட்டை. முதல் நாள் நாங்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் "மாமா, இன்னொரு தடவை" என்றதும் அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அந்த 'அடுத்த மரம்'தான் வழியையும் காட்டியது. முதல் மரத்தில் அவர் நடந்துவந்து குனிவதைத் தூரத்திலிருந்து எடுத்தோம். இரண்டாம் மரத்தில் கத்தி பட்டையில் பதிவதை நெருங்கி எடுத்தோம். மூன்றாவதில் முகம் மட்டும். நான்காவதில் சிரட்டை. வெட்டி ஒட்டும்போது, குனிகிற அசைவு பாதியில் இருக்கையில் அடுத்த ஷாட்டுக்குத் தாவினால் கண் ஏமாந்துவிடுகிறது, எல்லாம் ஒரே மரம் என்று நம்பிவிடுகிறது. அசைவு முடிந்தபிறகு வெட்டினால் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். 'அசைவின் நடுவில் வெட்டு' என்று வகுப்பில் மூன்று முறை எழுதியிருந்தோம், அன்றுதான் புரிந்தது. இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நான்கு மரத்திலும் வெட்டுக்கோடு ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மரத்தில் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை இருந்தது, மற்றதில் இல்லை. அந்த ஷாட் அப்படியே குப்பைக்குப் போனது.

வெளிச்சம்தான் தோட்டத்தின் பகை. மரநிழலில் விடியற்காலம் என்றால் போன் கேமராவில் படம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள். அதற்காகத்தான் ஒரு நாள் மட்டும் நல்ல கேமராவும் லென்ஸும் வாடகைக்கு எடுத்தோம், எங்கள் மொத்தச் செலவில் பாதி அதற்கே போனது. சரி, இருட்டு விலகட்டும் என்று காத்திருந்தாலும் வம்புதான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், ஏறத்தாழ 8 டிகிரி அட்சரேகை. சூரியன் சாய்ந்து சாய்ந்து வராது, நெட்டுக்குத்தாக ஏறிவிடும். நீல வெளிச்சம் என்று ஆசையோடு ஆரம்பித்தால் நாலாவது ஷாட்டில் பகலாகிவிடுகிறது. இரண்டு காலை போய்த்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரே நிறத்தில் ஷாட்டுகள் கிடைத்தன.

மாதக் கணக்கும் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை எந்தக் காலையையும் நம்பித் தேதி கொடுக்க முடியாது. மழையில்லாத மாதத்தில் எடுக்கலாம் என்று பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தால், இலை உதிர்ந்து துளிர்க்கும் அந்தச் சமயத்தில் பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தியிருப்பார்கள்.

ஒலியோ, கேட்கவே வேண்டாம், அருமை. பட்டையில் கத்தி ஓடும் 'சர்ர்ர்', காய்ந்த இலையில் செருப்பு, தூரத்தில் ஒரு சேவல். உறைந்த பாலை ஷீட்டாக அடிக்கும் ரோலரின் கிறீச் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்துகொண்டோம். இணையத்தில் கிடைத்த பாட்டைப் பின்னணியாகப் போட்டு யூடியூபில் ஏற்றி, உரிமைக் கோரிக்கை வந்து, முழிக்கிற கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எங்களுக்கு அந்த ரோலர்தான் இசை.

என் மாமாவிடம் காட்டினேன். ரசித்துப் பார்த்தார். "ஒட்டுப்பால் எடுக்கியதையும் காட்டியிருக்கலாம்" என்றார், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலைச் சொல்கிறார். கதை என்னவென்று கேட்டால், "ரப்பரைப் பத்தி டாக்குமெண்டரிதானே?" என்றார்.

அங்கேதான் இடித்தது. இரண்டு நிமிடம் முழுக்க வேலை நன்றாகத் தெரிகிறது, மகன் இல்லை. அப்பாவின் மனசு இல்லை. அழகாக எடுத்துவிட்டோம் என்கிற ஒரே காரணத்துக்காக அதை வைத்துக்கொள்ளத்தான் நான் வாதாடினேன். இரண்டு காலை நாலு மணிக்கு எழுந்தவனுக்கு அந்த ஷாட்டுகள் மேல் பாசம் வராமல் இருக்குமா? எடிட்டிங் செய்த தோழி தோட்டத்துக்கு வராதவள். அவளுக்கு அந்தப் பாசம் இல்லை. படப்பிடிப்புக்கு வராத ஒருவர் எடிட்டிங்கில் உட்காருவது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வது அவளால்தான்.

வீட்டு அறை

மூன்றாவது யோசனை அவளுடையது. பெட்டியை எடை போடுவதிலிருந்து தொடங்கலாம் என்றாள்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீட்டில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. டிக்கெட்டில் 30 கிலோ என்று போட்டிருக்கும். பெட்டியை நேரே எடை மெஷினில் வைத்தால் எண்ணே தெரியாது, பெட்டி மறைத்துவிடும். அதனால் ஒருவர் பெட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி நிற்பார். அப்புறம் பெட்டி இல்லாமல் ஏறுவார். கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் படத்தில் ஏறுவது அப்பா. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கீழே எண்ணைப் பார்க்க முடியாமல் மகனைப் பார்க்கிறார். மகன் குனிந்து எண்ணைப் படிக்கிறான். எடை கூடுதல். அம்மா ஏத்தன்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொட்டலம் ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறாள். எல்லோரும் அந்தப் பக்கம் போனதும் அப்பா அதை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் செருகுகிறார். தலைப்பு வருகிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை.

எடுத்தது முழுக்கப் போனில், ஒரே பகலில், தக்கலைப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில். செலவு என்று பார்த்தால் ஆறு பேர் சாப்பாடு. ஆனால் எளிது என்று நினைத்தால் தப்பு. அறை சின்னதாக இருந்தால் தவறுகள் பெரிதாகத் தெரியும்.

முதல் தவறு, கோடு தாண்டியது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும், இதுதான் 180 டிகிரி விதி. அறையில் இடமில்லை என்று மகனின் ஷாட்டை மட்டும் கதவுப் பக்கமிருந்து எடுத்தோம். சேர்த்துப் பார்த்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தோம்.

இரண்டாவது, ட்யூப் லைட். திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனைத் தானியங்கியில் விட்டால் ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாமல் போய்விடும். 1/50 அல்லது 1/100 நொடி என்று கையால் வைத்துப் பூட்டினால் பட்டை போய்விடும். கூடவே நிறத்தைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். அம்மா பச்சைப் புடவையில் குறுக்கே நடந்தபோது சுவரெல்லாம் ரோஸ் நிறமாக மாறியதைப் பார்த்துத்தான் அதுவும் தெரிந்தது.

ஒலிக்கு மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்தினோம். பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தால் வீட்டுக்காரம்மாவிடம் பதில் சொல்ல முடியாது, ஆகவே பைக் சாவியைப் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட்டோம், அதை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாதே. எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நிற்க, வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்தோம். ஷாட்டுகளுக்கு நடுவே திடீர் மௌனம் விழும் இடத்திலெல்லாம் அதுதான் கைகொடுத்தது.

பெயர்களுக்கு இடம் தானாகவே கிடைத்தது. பெட்டியின் கருநீலப் பக்கம் திரையில் பாதியை அடைக்கும், அதன்மேல் வெள்ளை எழுத்து பளிச்சென்று நின்றது. ஆனால் எழுத்தே காலை வாரியது. 'கொ', 'கோ' எல்லாம் கொம்பும் காலும் கழன்று தனித்தனியாக நின்றன. ஒரு நண்பனின் பெயர் படிக்கவே முடியவில்லை. எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துமுறைக்கென ஓர் அமைப்பு இருந்தது, அதை மாற்றியதும் சரியாயிற்று. ஒரு பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கிற நேரம் திரையில் இருக்க வேண்டும் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட அளவு. திரையின் ஓரத்தை ஒட்டி எழுத்தை வைக்க வேண்டாம், கல்லூரி புரொஜெக்டர் அதைத் தின்றுவிடும்.

என் மாமா பார்த்தார். சிப்ஸ் பொட்டலம் திரும்ப உள்ளே போனதும் சிரித்தார். "பய வெளிநாடு போறான். அப்பனுக்குப் புடிக்கல்ல, என்ன?"

அப்போ எதை எடுப்பது?

எங்கள் கடைசி வடிவம் மூன்றாவதுதான், இரண்டாவதிலிருந்து கொஞ்சம் திருடிக்கொண்டது. திரை கறுப்பாக இருக்கும்போதே கத்தி பட்டையில் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு தோட்டத்தின் மூன்றே ஷாட்டுகள், பதினைந்து நொடி. சிரட்டையில் பால் சொட்டும்போதே எடை மெஷினை யாரோ தரையில் இழுக்கும் சத்தம் வந்துவிடும், அதன் பின்னால் அறை வரும். ஒலியை முன்னால் அனுப்பிப் படத்தைப் பின்னால் கூட்டி வரும் இந்த ஜே-கட் மட்டும் இல்லையென்றால் தோட்டமும் அறையும் இரண்டு படமாகவே நின்றிருக்கும்.

உங்களிடம் ஒரே நாளும் போனும் மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டாம், அறைதான். அறை என்றால் அழுகையும் வசனமும் என்று அர்த்தமில்லை, எடை போடுவதுபோல் கையால் செய்கிற ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும். வேலையை மையமாக வைத்த தொடக்கம் வேண்டுமென்றால், அந்த வேலை செய்கிறவர் உங்கள் வீட்டு ஆளாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு நாள் கேமரா இல்லாமல் கூடவே போய் நிற்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். தோவாளைச் சந்தையில் பூக்கட்டுவதாக இருந்தாலும் கரையில் நின்று கரைமடி வலை இழுப்பதாக இருந்தாலும் இதே நிபந்தனைதான், அவர்கள் உங்களுக்காக நிறுத்தித் திரும்பச் செய்ய மாட்டார்கள். இயற்கைக் காட்சித் தொடக்கத்தை, கடலே கதையில் ஒரு ஆளாக இருந்தாலொழிய, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்படியே எடுத்தாலும் போகிற மாதத்தையும் சூரியன் இருக்கும் திசையையும் முதலில் பாருங்கள்.

மூன்றாவது குறையே இல்லாதது என்றும் சொல்ல மாட்டேன். பெட்டியோடு அப்பா மெஷினில் ஏறும் ஷாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தோம், 93.1 என்று காட்டியது. அவர் தனியாக ஏறும் ஷாட்டைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தோம், 63.3. சாப்பிடுவதற்கு முன் அவர் 62.4 தான் இருந்தார். மீன்குழம்பும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சேர்த்து ஒரு கிலோ கிட்ட ஏறியிருந்தது. இதைக் கல்லூரியில் யாரும் கவனிக்கவில்லை, தேர்வாளரும் கவனிக்கவில்லை. திரையிட்ட அன்று, பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்த நண்பனின் சித்தப்பா வெளியே வந்து என் தோளில் கை வைத்தார்.

"93.1-ல 63.3 போனா 29.8 தானே மக்கா. பின்ன எதுக்கு அவ சிப்ஸ வெளிய எடுத்தா?"